ரத்தம் கசியாத ஈறு

பல் சொத்தைக்கென்று வழக்கமான சில இடங்கள் உண்டு. கடைவாய்ப் பல்லின் குழிகள், இரண்டு பற்கள் நெருக்கி நிற்கும் இடுக்கு, ஈறை ஒட்டிய ஓரம். சாப்பிட்டது தங்குவதும் அங்கே, கிருமி குடியேறுவதும் அங்கே. முன்பல்லின் கடிக்கிற விளிம்பில் சொத்தை விழுவது அபூர்வம். உதடும் நாக்கும் எச்சிலும் ஓயாமல் துடைத்துக்கொண்டிருக்கும் இடம் அது. அந்த விளிம்பிலேயே சொத்தையோடு வரும் சிலரை அமெரிக்கப் பல் மருத்துவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் கவனிக்கத் தொடங்கினார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தது வேப் (இ-சிகரெட்) பழக்கம்.

பாஸ்டன் நகரின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த கரீனா இருசா இதை நாலைந்து நோயாளிகளின் கதையாக விட்டுவிடவில்லை. 2019 முதல் 2022 வரை அந்தப் பள்ளியின் மருத்துவமனைகளுக்கு வந்த, 16 வயதுக்கு மேற்பட்ட 13,000-க்கும் அதிகமானவர்களின் பதிவேடுகளை அவரும் சகாக்களும் புரட்டினார்கள். வேப் அடிப்பதாகச் சொன்னவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் சொத்தை அபாயம் அதிகம் உள்ள பிரிவில் இருந்தார்கள். மற்றவர்களில் அது சுமார் 60 சதவீதம். 2022 நவம்பரில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் இந்த முடிவு வெளியானது.

60 சதவீதமே அதிகமாகத் தெரிகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பல்லில் ஏதோ கோளாறோடுதான் வருகிறார்கள். ஊரில் போகிற வருகிறவர்களை நிறுத்தி எடுத்த கணக்கு இல்லை இது. வேப் அடித்ததால்தான் சொத்தை வந்தது என்று இந்த ஆய்வு நிரூபிக்கவும் இல்லை. இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதுவரைதான் அது சொல்லும். வேப் அடிப்பவர்கள் சோடாவும் இனிப்பும் அதிகம் சாப்பிடுகிறவர்களாக இருந்தால்? அந்தச் சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. அத்தனை ஆயிரம் பேரில் வேப் அடிப்பதாக ஒப்புக்கொண்டவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை, 0.69 சதவீதம். அமெரிக்கப் பெரியவர்களில் 2021-இல் வேப் பழக்கம் உள்ளவர்கள் 4.5 சதவீதம் என்கிறது அந்நாட்டு நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை விளக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பல் நாற்காலியில் சாய்ந்ததும் மனிதர்கள் சிலதைச் சொல்வதில்லை. மருத்துவரும் கேட்பதில்லை.

வேப்பைக் கண்டுபிடித்தவர் பல்லைக் கெடுக்க நினைத்து அதைச் செய்யவில்லை. ஹோன் லிக் என்ற சீன மருந்தியலாளர் 2003-இல் இன்றைய வடிவிலான இ-சிகரெட்டை உருவாக்கினார். அவரே புகைபிடிப்பவர், அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். புகையிலையை எரிக்காமல் நிக்கோட்டினை மட்டும் கொடுத்தால் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாமல் போகுமே என்பது கணக்கு. கணக்கில் பிழை இல்லை. நுரையீரலை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. வாயைப் பற்றி அப்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கருவி எளிமையானது. ஒரு பேட்டரி, ஒரு சின்ன உலோகச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் ஊறிய திரவம். உறிஞ்சும்போது சுருள் சூடாகிறது, திரவம் நுண்துளிகளின் மூட்டமாகக் கிளம்புகிறது. பார்ப்பதற்கு இட்லிக் கொப்பரையின் ஆவிபோல் இருந்தாலும் அதில் தண்ணீர் கொஞ்சம்தான். பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு பிசுபிசுப்பான திரவங்கள். கூடவே வாசனைப் பொருள்கள், பெரும்பாலும் நிக்கோட்டின். உள்ளே இழுத்த மூட்டம் நுரையீரலுக்குப் போகும் வழியில் முதலில் படிவது பல்லின் மேலும் ஈறின் மேலும் நாக்கின் மேலும்தான்.

புரோப்பிலீன் கிளைக்காலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. வேப் அடிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் வாய் வறட்சி. அடிக்கடி தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள். எச்சில் குறைவதை வெறும் தாகமாக நினைத்துவிடக் கூடாது. வாயில் அமிலம் ஏறும்போது அதை மட்டுப்படுத்துவது எச்சில். எனாமலிலிருந்து கரைந்துபோகும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொண்டுவந்து வைப்பதும் அதுவே. அமில அளவீடு (pH) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். எச்சில் நன்றாக ஊறும் வாயில் சாப்பிட்ட சிறிது நேரத்தில் நிலைமை சீராகிவிடும். வறண்ட வாயில் அது இழுபடும். அதோடு புரோப்பிலீன் கிளைக்கால் சிதையும்போது உண்டாகும் பொருள்களில் அசிட்டிக், லாக்டிக் அமிலங்களும் அடக்கம்.

கிளிசரினின் சங்கதி வேறு. சர்க்கரையின் இனிப்பில் சுமார் 60 சதவீத இனிப்பு அதற்கு இயல்பாகவே உண்டு. ஆனால் சொத்தைக் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குவதுபோல் கிளிசரினை எளிதில் தின்பதில்லை. அதனால் அது நிரபராதி என்றே பலர் வாதாடினார்கள். 2018-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஓர் ஆய்வு அந்த வாதத்தைக் கொஞ்சம் கலைத்தது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இனிப்பு வாசனை சேர்த்த திரவங்களின் மூட்டத்தைப் பல் எனாமலின் மேல் செலுத்திப் பார்த்தார்கள். சொத்தைக்கு முதல் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமி எனாமலில் ஒட்டுவது நான்கு மடங்கு கூடியது. கிருமிப் படலம் இரண்டு மடங்கானது. வாசனை சேர்க்காத திரவத்தோடு ஒப்பிட்டால் எனாமலின் கடினம் 27 சதவீதம் குறைந்தது. கிளிசரினின் பசைத்தன்மை கிருமிக்கு ஒட்ட இடம் கொடுக்கிறது, வாசனைப் பொருள்களில் உள்ள எஸ்டர்கள் எனாமலைப் பதம் பார்க்கின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இதுவும் ஆய்வகத்தில் நடந்த சோதனை. அங்கே பல்லைக் கழுவ நாக்கு இல்லை, எச்சில் ஊறுவதில்லை. இருந்தாலும் டஃப்ட்ஸ் பதிவேட்டில் தெரிந்ததும் இந்த எனாமல் துண்டில் தெரிந்ததும் ஒரே திசையைக் காட்டுகின்றன. சோடாவின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது இதற்குப் பிறகு அவ்வளவு எளிதில்லை.

சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. பஞ்சு வரை எரிந்ததும் நசுக்கிப் போட வேண்டியதுதான். அடுத்ததற்கு வெளியே போக வேண்டும், தீப்பெட்டி வேண்டும், நாற்றத்துக்குப் பயப்பட வேண்டும். வேப்புக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. படுக்கையில், காரில், கழிவறையில், கணினி முன்னால், ஒரு இழுப்பு, பத்து நிமிடத்தில் இன்னொரு இழுப்பு. பல்லின் பார்வையில் இது நாள் முழுக்கக் கன்னத்தில் ஒதுக்கி வைத்த மிட்டாய். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே சொத்தையைத் தீர்மானிக்கிறது என்று பல் மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

இந்த ஓயாத இழுப்புக்கு வழி செய்து கொடுத்ததில் சான் பிரான்சிஸ்கோவின் ஜூல் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்டான்ஃபோர்டில் படித்த இரண்டு வடிவமைப்பாளர்கள், பென் டிரைவ் போலிருந்த ஒரு கருவியை 2015-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் செய்த வேதியியல் மாற்றம் சின்னது: நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கினார்கள். அதுவரை அதிக நிக்கோட்டின் இழுத்தால் தொண்டை எரியும். அந்த எரிச்சல்தான் கைக்கு ஒரு கடிவாளம். உப்பு வடிவத்தில் எரிச்சல் குறைந்தது, கடிவாளம் கழன்றது. பாட் எனப்படும், மாற்றிக்கொள்ளும் திரவக் குப்பி ஒன்றில் 0.7 மில்லி லிட்டர் திரவம், அதில் சுமார் 40 மில்லிகிராம் நிக்கோட்டின். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் செறிவு ஒரு மில்லி லிட்டருக்கு 20 மில்லிகிராம். ஜூலின் அமெரிக்கப் பாடில் இருந்தது 59.

மாம்பழம், வெள்ளரி, க்ரீம் என்று வாசனைகளும் வந்தன. 2019-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் வேப் அடித்தார்கள். பாடுகளில் பழவாசனைக்கு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2020 தொடக்கத்தில் கட்டுப்பாடு போட்டது. ஆனால் தீர்ந்ததும் தூக்கிப் போடும் டிஸ்போசபிள் கருவிகளை விட்டுவிட்டது. சந்தை அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்தது. 2024 கணக்கெடுப்பில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் அது 7.8 சதவீதமாக இறங்கியிருந்தது, நல்ல செய்திதான். ஆனால் வேப் அடித்த மாணவர்களில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பேர் வாசனை சேர்த்ததையே பயன்படுத்தினார்கள்.

சொத்தை வலிக்கும், வலித்தால் ஆள் மருத்துவரிடம் போவான். ஈறு நோய் அப்படியில்லை.

பல் எலும்பில் நேராகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே நுண்ணிய நார்கள் அதைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. பல்லைச் சுற்றி ஈறுக்கும் பல்லுக்கும் இடையே சின்னப் பள்ளம் ஒன்று உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். கிருமிப் படலம் அங்கே தங்கிக் காரையாக இறுகினால் ஈறு வீங்கும், ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் ஸ்கேலிங் செய்துகொண்டு ஒழுங்காகப் பல் துலக்கினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். விட்டுவிட்டால் பள்ளம் 4, 5, 6 மில்லிமீட்டர் என்று இறங்கும், நார்கள் அறும், எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. நம் வீட்டுப் பெரியவர்கள் பயோரியா என்று சொன்னது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். பல் ஆடிக் கையோடு வந்துவிடும் கட்டம்.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய ஈறு நோய் நிபுணர் பூர்ணிமா குமாரும், சுகிர்த் கணேசன் உள்ளிட்ட அவருடைய குழுவினரும் 2020-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட 123 பேருக்கும் ஈறு நோய் கிடையாது. வாய் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. புகைபிடிப்பவர்கள், எதுவும் தொடாதவர்கள், வேப் மட்டும் அடிப்பவர்கள், சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியவர்கள், இரண்டையும் வைத்துக்கொண்டவர்கள் என்று ஐந்து வகை. ஈறுக்கு அடியிலிருந்து கிருமிப் படலத்தை எடுத்து அதன் மரபணுக்களைப் படித்தார்கள்.

வேப் அடிப்பவர்களின் பழக்கம் ஓராண்டுக்கு உட்பட்டதுதான். அதற்குள்ளாகவே அவர்களுடைய ஈறுக்கு அடியில் இருந்த கிருமிக் கூட்டம், ஈறு நோய் முற்றியவர்களின் கிருமிக் கூட்டத்தை ஒத்திருந்தது. நோய் இல்லை, ஆனால் நோய்க்கான படை வந்து இறங்கிவிட்டது. கிருமிகளைச் சுற்றி வழுவழுப்பான ஓர் உறை தடித்திருந்தது. உடலின் காவல் அணுக்கள் அதை அந்நியனாகப் பார்த்துத் தாக்குகின்றன, அதில் அழற்சி கூடுகிறது.

இந்த மாற்றத்துக்கு நிக்கோட்டின் தேவைப்படவில்லை. ஆய்வகத்தில் நிக்கோட்டின் இல்லாத மூட்டத்தைக் கிருமிகளின் மேல் செலுத்தியபோதும் அதே விளைவு. கிளைக்காலையும் கிளிசரினையும் இந்தக் கிருமிகள் உணவாக்கிக்கொள்கின்றன என்று குழு முடிவுக்கு வந்தது. "நான் அடிப்பதில் நிக்கோட்டினே கிடையாது, வெறும் ஃப்ளேவர்" என்று சமாதானம் சொல்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கலாம்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் தீபக் சக்சேனாவும் சின் லீயும் வேறு வழியில் போனார்கள். 119 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்த அவர்களுடைய 2020 ஆய்வில் ஈறு நோய் இருந்தவர்கள்: புகைபிடிப்பவர்களில் 72.5 சதவீதம், வேப் அடிப்பவர்களில் 42.5 சதவீதம், எதுவும் இல்லாதவர்களில் 28.2 சதவீதம். வேப் நடுவில் நிற்கிறது. விற்பவர்கள் முதல் எண்ணைக் காட்டி "பாருங்கள், குறைவுதானே" என்பார்கள். கடைசி எண்ணைக் காட்ட மாட்டார்கள்.

அதே குழு 84 பேரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை பரிசோதித்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டது. பள்ளம் ஆழமானவர்கள் மூன்று பிரிவிலும் இருந்தார்கள். ஆனால் ஈறும் நாரும் பல்லைவிட்டு விலகும் அளவு அந்த ஆறு மாதத்தில் குறிப்பிடத்தக்கபடி மோசமானது வேப் பிரிவில் மட்டுமே. சிகரெட்காரர்களின் வாயில் சேதம் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் 84 பேர் சிறிய எண்ணிக்கை. பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வுகள் வந்தபிறகே துல்லியமாகச் சொல்ல முடியும்.

இனி நிக்கோட்டினின் தனிப் பங்கு. ஈறு நோயைச் சாதாரண மனிதன் பெரும்பாலும் கண்டுபிடிக்கும் வழி: பல் துலக்கித் துப்பும்போது ரத்தம். நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஈறுக்கு வரும் ரத்தம் குறையும், எதிர்த்துப் போராட வரும் வெள்ளை அணுக்களும் ஆக்சிஜனும் குறையும், புண் ஆறுவது தாமதமாகும். கூடவே ரத்தக் கசிவும் குறைந்துவிடும். புகைபிடிப்பவர்களின் ஈறு இறுக்கமாகவும் வெளிறியும், பார்வைக்குக் குற்றமில்லாமலும் இருப்பதையும், கருவியை விட்டு அளந்தால் பள்ளம் ஆழமாக இறங்கியிருப்பதையும் பல் மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு பாதி கரைந்திருப்பதும் உண்டு. நிக்கோட்டின் கலந்த வேப்பும் இதே வேலையைச் செய்யக்கூடியது. கண்ணாடியில் பார்த்து "என் ஈறு நன்றாகத்தான் இருக்கிறது, ரத்தமே வருவதில்லை" என்று திருப்திப்படுகிறவருக்கு அந்தத் திருப்தியே ஆபத்து.

லண்டனில் செய்த ஒரு சிறிய ஆய்வு இந்தத் திரையைத் தற்செயலாக விலக்கிக் காட்டியது. 2016-இல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் வந்தது. புகைபிடிக்கும் 20 பேரை இரண்டு வாரம் சிகரெட்டுக்குப் பதில் வேப் அடிக்கச் சொன்னார்கள். ஈறில் ரத்தக் கசிவு குறையும் என்று எதிர்பார்க்கலாம், கூடியது. வேப் ஈறைப் புண்ணாக்கியதா, அல்லது சிகரெட் இதுவரை மறைத்துவைத்திருந்த அழற்சி இப்போது வெளியே தெரிந்ததா? இரண்டாவதற்கும் நல்ல வாய்ப்பு உண்டு. சிகரெட்டை விட்டவர்களுக்குச் சில வாரம் ஈறில் ரத்தம் அதிகம் வருவது பல் மருத்துவர்களுக்குப் பழக்கமான காட்சி. அதே ஆண்டு இத்தாலியில் 110 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறியவர்களின் ஈறு நிலை மேம்பட்டதாக முடிவு வந்தது. ஆக, எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை. ஒரே குரலில் பேசுவதாகச் சொல்கிறவர்களை, அவர்கள் எந்தப் பக்கம் இருந்தாலும், நம்ப வேண்டாம்.

வேப்பால் சிகரெட்டை விட முடிகிறது என்பதும் பொய் இல்லை. இங்கிலாந்தில் பீட்டர் ஹாயெக் தலைமையில் 886 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் வேப் பிரிவில் 18 சதவீதம். நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்திய பிரிவில் 9.9 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே ஆய்வின் இன்னொரு வரியைப் பல்லின் பக்கம் நின்று படிக்க வேண்டும்: வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் வேப்பை விடவில்லை. மற்றப் பிரிவில் அப்படித் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம். முப்பது ஆண்டு பாக்கெட் பாக்கெட்டாக ஊதிய ஒருவருக்கு இது லாபக் கணக்கு. சிகரெட்டையே தொட்டிராத பதினெட்டு வயதுப் பையனுக்கு இதில் லாபம் என்று எழுத ஒரு வரிகூட இல்லை.

ஆய்வகச் சோதனைகளில் இன்னும் ஒன்றை மட்டும் சொல்லலாம். கியூபெக்கின் லவால் பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் ரூவாபியா, வாயின் உள்தோல் அணுக்களை ஒரு சிறிய அறையில் வைத்து வேப் மூட்டத்தைச் செலுத்திப் பார்த்தார். சாதாரணமாக இந்த அணுக்களில் 2 சதவீதம் இறந்தோ இறந்துகொண்டோ இருக்கும். முதல் நாளில் அது 18 ஆனது, இரண்டாம் நாளில் 40, மூன்றாம் நாளில் 53. வாய்க்குள்ளே இதே வேகத்தில் நடக்கும் என்று அர்த்தம் இல்லை. கிருமிக்கு எதிரான முதல் மதில் அந்த உள்தோல் என்பதால் இந்தச் சோதனை முக்கியமாகிறது.

நாக்கில் சுவை மழுங்குவது, வாய் துர்நாற்றம், உதட்டோர எரிச்சல் என்று சில்லறைத் தொல்லைகளும் உண்டு. சில்லறை இல்லாத ஒன்று பேட்டரி. 2018-இல் நெவாடாவில் 17 வயதுப் பையன் ஒருவன் உறிஞ்சிக்கொண்டிருந்த வேப் வாயிலேயே வெடித்தது. கீழ்த்தாடை உடைந்தது, பற்கள் போயின. அவனுக்குச் சிகிச்சை அளித்த உட்டா மருத்துவர்கள் தாடையின் ஸ்கேன் படத்தோடு அதை 2019-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை இத்தகைய தீ, வெடிப்பு நிகழ்வுகள் 195-ஐத் தொகுத்திருக்கிறது. கோடிக்கணக்கான கருவிகளில் இது மிகக் குறைவுதான். ஆனால் அந்த 195-இல் தன் முகம் இருந்தால் சதவீதக் கணக்கு ஆறுதல் தராது.

இந்தியாவில் இ-சிகரெட்டுக்கு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் மூலம் தடை வந்து, பிறகு அது சட்டமானது. தமிழ்நாடு அதற்கு முந்தைய ஆண்டே தடை அறிவித்திருந்தது. விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சிங்கப்பூரில் 2018-இலிருந்து வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து தண்டனை இன்னும் கடுமை. பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் டிஸ்போசபிள்களை மட்டும் தடை செய்தது. சட்டம் எப்படியிருந்தாலும் சென்னையிலும் கோவையிலும் பொருள் கைமாறாமல் இல்லை. வெளிநாட்டில் படிக்கப் போன பிள்ளைகள் அதைக் கடையிலேயே வாங்குகிறார்கள்.

தடை செய்த பொருளில் ஒரு சிக்கல் உண்டு. அதைப் பயன்படுத்துகிறவன் மருத்துவரிடம் வாய் திறக்க மாட்டான். நம் பல் மருத்துவமனைகளில் சிகரெட், பீடி, வெற்றிலை பாக்கு, ஹான்ஸ், மது என்று கேட்பது வழக்கம். வேப் அந்தக் கேள்விகளில் இன்னும் சரியாக இடம் பிடிக்கவில்லை. அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இருபது வயது மகன் தானாகச் சொல்லப்போவதும் இல்லை. மருத்துவர்கள் அம்மாவை ஐந்து நிமிடம் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பது நல்லது. தண்டிக்கக் கேட்கவில்லை, சிகிச்சைக்காகக் கேட்கிறேன் என்ற ஒரு வாக்கியம் சேர்த்தால் இன்னும் நல்லது.

ஏனென்றால் பதில் தெரிந்தால் சிகிச்சை மாறும். இருசா குழுவினரின் யோசனை இதுதான்: வேப் அடிக்கும் நோயாளிக்கு ஃப்ளோரைடு அதிகமுள்ள பற்பசை, ஃப்ளோரைடு கொப்பளிப்பு, மருத்துவமனையிலேயே ஃப்ளோரைடு பூச்சு, ஆண்டுக்கு இரண்டு தடவைக்கு மேல் பரிசோதனை. ஈறைப் பொறுத்தவரை, வெளித்தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் பள்ளத்தை அளந்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். வலி இல்லாத, சில நிமிட வேலை. இன்றைக்கு எழுதிய 3, ஆறு மாதம் கழித்து 5 ஆகியிருந்தால் ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் விஷயம் தெரிந்துவிடும்.

வேப்பை உடனே விட முடியாதவர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது, இரவில் பல் துலக்கியபிறகு தொடாமல் இருப்பது, இனிப்பு வாசனைகளைக் கைவிடுவது. இவை சேதத்தைக் குறைக்கும், நிறுத்தாது. வேப் அடிக்கிறீர்கள் என்றால் அடுத்த தடவை பல் மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லிவிடுங்கள். விடுவதற்குத் துணை வேண்டுமென்றால் மத்திய அரசின் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. அழைப்புக்குக் கட்டணம் இல்லை.